சூடு ஏன் இரட்டிப்பாக வருகிறது?

கேள்வி: ஐயா, கெமிக்கல் இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கிறேன். நிக்கல் வினைவேக மாற்றியுடன் சோயா எண்ணெயை ஹைட்ரஜனேற்றம் செய்யும் கலனுக்கு மாடல் எழுதியிருக்கிறேன். வாயு, திரவம், திடம் மூன்றுக்கும் தனித்தனி ஆற்றல் சமன்பாடு. அயோடின் எண் (எண்ணெயில் எவ்வளவு இரட்டைப் பிணைப்பு இருக்கிறது என்பதன் அளவு) 130-லிருந்து 90-க்கு இறங்கும்போது, குளிர்விக்காமல் விட்டால், எண்ணெய் 136 டிகிரி ஏறுவதாக வருகிறது. சமன்பாடுகள் எழுதிய தாளை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எங்கே தப்பு?
– வாசகி, பாலக்கோடு

பதில்: அந்த 136-லேயே பாதி விடை இருக்கிறது, கண்ணு. எண்ணெய் ஆலைக்காரர்களின் கைக்கணக்கு ஒன்று உண்டு: அயோடின் எண் 1 இறங்கினால் எண்ணெய் ஏறத்தாழ 1.7 டிகிரி சூடேறும். 40 இறங்கினால் 68. உனக்கு வந்திருப்பது அதைப்போல் சரியாக இரண்டு மடங்கு. வினை வெப்பத்தை எங்கோ இரண்டு தடவை எண்ணியிருக்கிறாய்.

உன் தாளில் ஒவ்வொரு பொருளின் என்தால்பியும் (வெப்ப உள்ளடக்கம்) உருவாதல் என்தால்பியை, அதாவது அந்தப் பொருள் தனிமங்களிலிருந்து உருவாகும்போதான வெப்பத்தை, சேர்த்தே இருக்கிறது. அப்படி எழுதினால், இரட்டைப் பிணைப்புள்ள எண்ணெய் குறைந்து நிறைவுற்ற எண்ணெய் கூடும்போதே, மோலுக்குச் சுமார் 120 கிலோஜூல் வீதம், அந்த வெப்பம் கணக்கில் வந்துவிடும். அதற்கு மேலும் திடத்தின் சமன்பாட்டில் வினைவேகத்தையும் வினை வெப்பத்தையும் பெருக்கி ஒரு உறுப்பு வைத்திருக்கிறாய். அதை எடுத்துவிடு. அது வேண்டுமென்றால் சமன்பாட்டைத் தன்வெப்பம், வெப்பநிலை கொண்டு மாற்றி எழுது. இரண்டில் ஒன்றுதான் இருக்கலாம்.

இன்னொன்று. இந்தக் கலனுக்கு மூன்று வெப்பநிலை எதற்கு? ஒரு கிலோ எண்ணெய்க்கு நீ செலவழிக்கும் ஹைட்ரஜன் சுமார் 3 கிராம். அதைச் சூடாக்க டிகிரிக்கு 45 ஜூல் போதும். எண்ணெய்க்கோ 2,500-க்கு மேல் வேண்டும். நிக்கல் பொடியும் மைக்ரான் அளவு, எண்ணெயோடு கலங்கிக்கொண்டே இருக்கிறது. நம் வீட்டில் கேழ்வரகு மாவைக் கரைத்துக் கூழ் காய்ச்சும்போது மாவுக்குத் தனிச் சூடு, தண்ணீருக்குத் தனிச் சூடு என்று பார்ப்பதில்லையே, அதுபோலத்தான். ஒரே வெப்பநிலை போதும்.

ஆனால் களி கிண்டும்போது மாவு கட்டி தட்டிவிட்டால் வெளியே கொதிக்கும், உள்ளே பச்சை மாவாகவே இருக்கும். சில மில்லிமீட்டர் அளவுள்ள வினைவேக மாற்றிக் குண்டுகளை நிரப்பி, மேலிருந்து திரவத்தை வடியவிடும் படுகைக் கலனிலும் உள்ளுக்கும் வெளிக்கும் சூடு வேறுபடும். அங்கே கதை தலைகீழ், குண்டுதான் அதிகம் சுடும். நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் வெப்பமானி திரவத்தின் சூட்டை மட்டும் காட்டிக்கொண்டிருந்தது. கலனைத் திறந்தபோதுதான் படுகையின் நடுவே, திரவம் சரியாக நனைக்காத இடத்தில், குண்டுகள் கருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்ததைப் பார்த்தோம். அன்றிலிருந்து படுகை என்றால் திடத்துக்குத் தனிச் சமன்பாடு போடாமல் நான் விட்டதில்லை.

அப்படிப் போடும்போது ஒரு சோதனை செய். திடத்திலிருந்து திரவத்துக்குப் போகும் வெப்பம் ஒன்றில் கழித்தலாகவும் மற்றதில் கூட்டலாகவும் இருக்க வேண்டும். எல்லாச் சமன்பாடுகளையும் கூட்டிப் பார். இந்தப் பரிமாற்ற உறுப்புகள் முழுதாக அடிபட வேண்டும். ஏதாவது மிஞ்சினால் இல்லாத வெப்பத்தை உண்டாக்குகிறாய், அல்லது இருப்பதைத் தொலைக்கிறாய். கரைப்பான் ஆவியாகும் கலனில் உள்ளுறை வெப்பத்துக்கும் இதே விதி.

உறுப்பை எடுத்த பிறகும் 68 பக்கத்தில் வரவில்லை என்றால் தன்வெப்பத்தின் அலகைப் பார், மோலுக்கா கிலோவுக்கா என்று. பிறகு எழுது.