18,000 ரூபாய் மாடித்தோட்டமா, ஆறு பெயிண்ட் வாளியா?

கேள்வி: ஐயா, வணக்கம். நாங்கள் நான்கு பேர், ஸ்ரீரங்கத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவருக்குத் தனியார் நிறுவனத்தில் மாதம் 22,000 ரூபாய் சம்பளம். நான் வீட்டில் பிளவுஸ் தைத்து 3,000 வரை சம்பாதிக்கிறேன். வாடகை 6,500. காய்கறி, கீரைக்கு மட்டும் மாதம் 2,400 ஆகிறது. நகையை அடகு வைத்து 60,000 வாங்கியிருக்கிறோம், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. மகளின் படிப்புக்காக அஞ்சலகத்தில் மாதம் 1,000 ரூபாய் ஆர்டி 28 மாதமாகக் கட்டுகிறேன், வட்டி 6.7 சதவீதம். மாடியில் பாதி இடத்தில் தோட்டம் போட வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார். ஒரு கடையில் இரும்பு ஸ்டாண்ட், 40 வளர்ப்புப் பை, சொட்டுநீர்க் குழாய், நிழல்வலை எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய் என்கிறார்கள். ஆறு மாத 'வட்டியில்லா இஎம்ஐ' உண்டாம். இஎம்ஐ போடட்டுமா, ஆர்டியை முடித்து அந்தப் பணத்தில் வாங்கட்டுமா? காய்கறிச் செலவு மிச்சமானால் நகையைச் சீக்கிரம் மீட்கலாம் என்று ஆசை.
– வாசகி, திருச்சி

பதில்: சகோதரி, முதலில் ஒரு வகுத்தல் கணக்கு. 18,000 ரூபாயை ஆறு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 3,000. உங்கள் வீட்டின் மொத்தக் காய்கறிச் செலவே 2,400தான். அதாவது, முதல் நாளிலிருந்து கடையில் ஒரு காய்கூட வாங்காமல் இருந்தாலும் மாதம் 600 ரூபாய் கையிலிருந்து போகும். செடி காய்க்க இரண்டு மாதம் ஆகும் என்பதை இதில் சேர்க்கவே இல்லை.

'வட்டியில்லா' என்ற சொல்லையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். கிரெடிட் கார்டு தவணையில் பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்று கிடையாது என ரிசர்வ் வங்கி 2013லேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. வட்டி செயலாக்கக் கட்டணமாக வரும், இல்லாவிட்டால் ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடியை விழுங்கிவிடும். கட்டணத்துக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. அதே பொருளை ரொக்கமாக வாங்கினால் என்ன விலை என்று அந்தக் கடையில் கேட்டுப் பாருங்கள், விஷயம் புரிந்துவிடும்.

ஆர்டி விஷயம் இன்னும் சுலபம். அஞ்சலக ஐந்தாண்டு ஆர்டியை மூன்று வருடம் முடியும் முன் மூட முடியாது. அதற்குப் பிறகு மூடினாலும், முதிர்வுக்கு ஒரு நாள் முன்னதாக இருந்தால்கூட, 6.7 சதவீதம் போய் சேமிப்புக் கணக்கின் வட்டிதான் கிடைக்கும். அது 4 சதவீதம். 12 தவணை கட்டியவர்களுக்கு, கணக்கில் உள்ள தொகையில் பாதி வரை கடன் தருவார்கள். ஆர்டி வட்டியைவிட 2 சதவீதம் கூடுதல். உங்களுக்கு 8.7 சதவீதத்தில் சுமார் 15,000 கிடைக்கும். அந்தக் கடனை வாங்கியே தீருவதென்றால் அதைத் தோட்டத்தில் போடாதீர்கள், அடகில் கட்டுங்கள். நூற்றுக்கு ஒரு ரூபாய் என்றால் வருடத்துக்கு 12 சதவீதம். 12ஐக் கொஞ்சம் இறக்கி 8.7 ஆக்கிய லாபமாவது மிஞ்சும், வருடத்துக்கு ஒரு 500 ரூபாய். பெரிய தொகை இல்லை. அதனால் ஆர்டியைத் தொடாமல் விட்டாலும் தப்பில்லை.

எங்கிருந்தோ 18,000 ரூபாய் வந்து விழுந்தது என்றே வைத்துக்கொள்வோம். அதை அடகில் கட்டினால் வட்டியில் மாதம் 180 ரூபாய் குறையும். அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், மாவுப்பூச்சி வராது, கத்திரி வெயிலில் காயாது. தோட்டம் இந்த 180 ரூபாயை ஜெயிக்க வேண்டும்.

ஜெயிக்குமா? சின்னத் தோட்டம் ஜெயிக்கும், பெரிய தோட்டம் புதியவர் கையில் தோற்கும் என்பது என் கணிப்பு. காரணம் உங்கள் 2,400 ரூபாய்க்குள்ளேயே இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் வெங்காயம், உருளைக்கிழங்கு, தக்காளி, கேரட், பீன்ஸ் என்றுதான் போயிருக்கும். இங்கிலீஷ் காய் திருச்சி வெயிலுக்கு ஒத்துவராது. வெங்காயம் வளரும்; ஆனால் ஒரு வீட்டுக்கு வேண்டிய அளவு விளைவிக்க மாடி போதாது. தக்காளி வரும். ஆனால் உங்கள் செடி காய்த்துத் தள்ளும் அதே வாரத்தில் சந்தையிலும் விலை விழுந்திருக்கும். இந்தக் காய்களுக்காக ஒரு பைசா செலவழிக்காதீர்கள்.

தோட்டம் பணம் தருவது வேறு இடத்தில். பத்து ரூபாய், இருபது ரூபாய் என்று கணக்கில் சேராமல் போகிற பொருள்கள் இருக்கின்றன அல்லவா: கீரைக்கட்டு, கொத்தமல்லி, புதினா, கறிவேப்பிலை, பச்சை மிளகாய். இவற்றை வாங்கி, பாதியைப் பயன்படுத்தி, மீதியை ஃபிரிட்ஜில் அழுகவிட்டுத் தூக்கிப் போடுகிறோம். செடியில் இருந்தால் வேண்டிய நாலு இணுக்கை மட்டும் கிள்ளிக்கொள்ளலாம். மிச்சம் அங்கேதான். ஒரு வாரம் இவற்றுக்கு மட்டும் எவ்வளவு போகிறது என்று காலண்டர் ஓரத்தில் எழுதிப் பாருங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 400 ரூபாய்க்குப் பக்கத்தில் வரும் என்று நினைக்கிறேன்.

ஆகவே என் யோசனை: ஆயிரம் ரூபாய். அதற்கு மேல் உங்கள் சம்பளத்திலிருந்து தோட்டத்துக்கு ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது. அடுத்து எது வாங்குவதானாலும் தோட்டம் மிச்சம் பிடித்துக் கொடுத்த பணத்தில்தான் வாங்க வேண்டும்.

ஆயிரத்தை இப்படிப் பிரிக்கலாம். விலை கடைக்குக் கடை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். பழைய இரும்புக்கடையிலோ பெயிண்ட் அடிப்பவரிடமோ 20 லிட்டர் பெயிண்ட் வாளி ஆறு, ஒன்று 50 ரூபாய் வீதம் 300. ஐந்து கிலோ தென்னை நார்க்கழிவுக் கட்டி 180. ஊற வைத்தால் 70 லிட்டர் அளவுக்கு உப்பிவிடும். மக்கிய மாட்டெரு இரண்டு மூட்டை 150. செம்மண் 100. விதை 80. வேப்பம் புண்ணாக்கு ஒரு கிலோ 60. கூட்டினால் 870. மீதி 130ஐ வைத்துக்கொள்ளுங்கள், எதற்காவது தேவைப்படும். கீரைக்குப் பாத்திரம் வாங்கவே வேண்டாம். மீன் மார்க்கெட்டில் தூக்கிப் போடும் தெர்மாகோல் பெட்டி, விரிசல் விட்ட பேசின், அரிசிப் பை எல்லாமே போதும். கீரைக்கு முக்கால் அடி ஆழம்கூட வேண்டாம், அகலம்தான் முக்கியம். எல்லாவற்றிலும் அடியில் ஓட்டை போட மறக்காதீர்கள்.

மாட்டெரு மக்கியதாக இருக்க வேண்டும். கையில் எடுத்தால் சாண வாடை அடிக்காமல் மண் போல உதிர வேண்டும். பச்சைச் சாணம் போட்டால் வேர் வெந்துவிடும். நார்க்கழிவையும் இரண்டு தண்ணீரில் அலசிவிடுங்கள், சிலவற்றில் உப்பு இருக்கும்.

விதைக்குச் சொன்ன 80 ரூபாய் கத்தரி, அரைக்கீரை, சிறுகீரைக்கு. நாட்டு விதையாகக் கேட்டு வாங்கினால் அடுத்த முறை நீங்களே விதை எடுத்துக்கொள்ளலாம். வீரிய ஒட்டுரகத்தில் எடுக்கும் விதை தாய்ச்செடி மாதிரி வராது, ஒவ்வொரு முறையும் கடைக்குத்தான் போக வேண்டும். மற்றது உங்கள் அஞ்சறைப் பெட்டியில் இருக்கிறது. வெந்தயத்தை ஊற வைத்துத் தூவினால் மூன்று வாரத்தில் கீரை. முழு மல்லியைச் சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டி இரண்டாக உடைத்துப் போட வேண்டும். மிளகாய் வற்றலில் உதிரும் விதையே பல சமயம் முளைக்கும். புதினாக் கட்டில் இலையை ஆய்ந்தபின் தண்டை எறியாமல் நட்டுவிடுங்கள், பொன்னாங்கண்ணித் தண்டும் அப்படியே. கறிவேப்பிலைக்கு மட்டும் பொறுமை வேண்டும். கன்று வைத்து ஒரு வருடமாவது அதன் மேல் கை வைக்காதீர்கள்.

கீரையில்தான் முதல் பணம் வரும். சிறுகீரை, முளைக்கீரை 25 முதல் 30 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். அரைக்கீரையை வேரோடு பிடுங்காமல் அறுத்தால் திரும்பத் திரும்பத் துளிர்க்கும். எல்லாப் பெட்டியிலும் ஒரே நாளில் விதைத்துவிடாதீர்கள். வாரம் ஒரு பெட்டி என்று விதைத்தால்தான் வாரம் ஒரு தடவை கீரை கிடைக்கும். இல்லாவிட்டால் ஒரே நாளில் ஆறு கட்டு அறுத்துவிட்டு, அடுத்த வாரம் கீரைக்காரம்மாவைத்தான் தேட வேண்டும். விதைத்தவுடன் எறும்பு வரிசை கட்டி விதையைத் தூக்கிக்கொண்டு போகும். விதையோடு ஒரு கைப்பிடி ரவையைக் கலந்து தூவினால் அது ரவையைத் தூக்கப் போய்விடும்.

ஆறு வாளியில் மூன்று கத்தரி, இரண்டு மிளகாய், ஒன்றில் கறிவேப்பிலை. கத்தரி நட்ட இரண்டு மாதத்தில் காய்க்கத் தொடங்கிப் பல மாதம் தாங்கும். வாடித் தொங்கும் நுனியைக் கண்டால் உள்ளே புழு இருக்கும், கிள்ளி எறியுங்கள். மாவுப்பூச்சிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், அது கரைய நாலு சொட்டு சோப்புத் தண்ணீர், மாலையில் தெளிப்பு. கேட்ட இடத்தில் எல்லாம் ஒரு பாட்டிலை விற்பார்கள், வாங்காதீர்கள். செடியைவிட மருந்துக்கு அதிகம் செலவழித்த வீடுகள் உண்டு.

இப்படிச் செய்தால் முதல் மாதம் வரவு பூஜ்யம். இரண்டாம் மாதத்திலிருந்து நூறு, நூற்றைம்பது. கத்தரியும் மிளகாயும் வந்தபின் மாதம் 300 என்பது நடக்கக்கூடிய கணக்கு. உரத்துக்கு 50 கழித்தாலும் 250 நிற்கும். போட்ட ஆயிரம் ஆறேழு மாதத்தில் திரும்பிவிடும். அதன்பின் அந்த 250ஐத் தனி டப்பாவில் போட்டு மாதா மாதம் அடகுக்கடையில் அசலில் கட்டுங்கள். நகையை இதை மட்டும் வைத்து மீட்க முடியாது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அசல் குறைவதற்கு ஒரு வழி, அவ்வளவுதான். அசலில் 250 ரூபாயைத் தனியாக வரவு வைப்பார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சேர்த்து வைத்து 3,000 ஆனதும் கட்டலாம்.

18,000 போட்டு 40 பை வைத்தால் என்ன ஆகும்? எல்லாம் நன்றாக வந்து, மாதம் 700 மிஞ்சினாலும் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும் பணம் திரும்ப. அதற்குள் வெயிலில் பைகள் இற்றுப் போகும். 40 பைக்குத் தண்ணீர் ஊற்றும் நேரத்தில் நீங்கள் ஒரு பிளவுஸ் தைத்திருக்கலாம், அதற்கும் கூலி உண்டு.

தோட்டத்தைவிட வேகமாக மிச்சம் தருவது ஒன்று இருக்கிறது: தென்னூர் உழவர் சந்தை. வாரம் ஒரு நாள் காலையில், சாதாரண நகரப் பேருந்தில் போனால் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வெங்காயம், தக்காளி, உருளைக்கிழங்கை அங்கே வாங்கி, தெருவில் வரும் வண்டி விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தோட்டத்தால் குறைக்க முடியாத பாதியை இது குறைக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்று, எனக்கு அதிகம் கவலை தருவதும் அதுதான்: உங்கள் அட்வான்ஸ். வீட்டுக்காரர் வாய் வார்த்தையாகச் சம்மதித்திருக்கிறார். நாளை காலி செய்யும்போது கீழ் வீட்டுக் கூரையில் ஈரம் கசிந்தால் 'எல்லாம் உங்கள் தொட்டியால்தான்' என்று அட்வான்ஸில் பத்தாயிரம் பிடித்தால், நாலு வருடக் கீரை அதிலேயே போய்விடும். தொட்டி வைக்கும் முன் மாடித் தளத்தையும், கீழே கூரையின் உட்புறத்தையும் படம் எடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'இந்த இடத்தில் பத்துப் பன்னிரண்டு தொட்டி வைக்கிறோம்' என்று எழுதிவிடுங்கள். மோட்டார் கரண்டுக்கு மாதம் எவ்வளவு தர வேண்டும் என்பதையும் அப்போதே பேசிவிடலாம். ஒவ்வொரு வாளியையும் இரண்டு செங்கல் மேல் வையுங்கள். தண்ணீர் அடியில் தேங்கக் கூடாது. ஆள் நடமாடும் மொட்டை மாடி சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ தாங்கும்படி கட்டப்பட வேண்டும் என்பது இந்தியத் தரநிலை. ஈர மண்ணோடு ஒரு வாளி 20, 25 கிலோ வரும். ஆறு வாளி ஒரு பொருட்டில்லை. ஆனால் நடு மாடியில் குவிக்காமல் சுவர் ஓரமாக வரிசையாக வையுங்கள். பழைய கட்டடம் என்றால் இது இன்னும் முக்கியம்.

நேரம் உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது. ஆனி முடியப் போகிறது, ஆடிப்பட்டத்துக்கு மண் கலந்து வைக்க இதுதான் சமயம். காவிரிக் கரையில் ஆடிக் காற்று எப்படி என்று உங்களுக்கே தெரியும். கத்தரி நாற்றுக்குக் குச்சி ஊன்றிக் கைப்பிடிச் சுவரின் மறைவில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கீரைப் பெட்டிகளைச் சாய்வாக வைத்தால் அழுகாது. சித்திரை, வைகாசியில் பழைய வேட்டியைக் கட்டி நிழல் கொடுங்கள், நிழல்வலை வேண்டாம். அந்த இரண்டு மாதம் வரவே இல்லை என்றாலும் பதற வேண்டாம், கணக்கில் அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கடைசியாக, ஆயிரம் ரூபாயை எடுக்கும் முன் உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். தமிழ்நாடு அரசின் தோட்டக்கலைத் துறை மாடித்தோட்டத் தளை என்று ஒரு தொகுப்பை மானிய விலையில் கொடுத்து வந்திருக்கிறது. வளர்ப்புப் பைகள், நார்க்கழிவுக் கட்டிகள், காய்கறி விதை, உயிர் உரங்கள், வேப்பெண்ணெய், ஒரு கையேடு எல்லாம் அதில் இருக்கும். இந்த வருடம் என்ன விலை, இருப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். ஆதார் நகல் ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். கிடைத்துவிட்டால் வாளிக்கும் நார்க்கழிவுக்கும் சொன்ன 480 ரூபாயில் பெரும்பகுதி மிச்சம். இல்லையென்றால், அங்கிருந்து நேரே இரும்புக்கடை.