ஓகஸ்ட் கடைசியில் தோட்டத்தில் சேரலாமா?

அன்புள்ள தங்கைக்கு,

ஜூன் மாதம் ரொறன்ரோவின் ஸ்காபறோவுக்கு வந்து சேர்ந்ததாகவும், வீட்டு யன்னலால் பார்த்தால் மின்கம்பிக் கோபுரங்களின் கீழே ஒரு சமூகத் தோட்டம் தெரிவதாகவும், அங்கே பாகற்கொடியும் வெண்டியும் நிற்பதைக் கண்டு மனம் கேளாமல் வேலியோரம் வரை போய்த் திரும்பி வந்ததாகவும் எழுதியிருந்தீர்கள். கோடை முடிகிற நேரத்தில் போய்க் கேட்டால் என்ன நினைப்பார்கள், உங்கள் ஆங்கிலம் போதுமா, அடுத்த வசந்தம் வரை பொறுத்திருந்து சொந்தமாக ஒரு பாத்தி கேட்பது நல்லதா என்பவை உங்கள் கேள்விகள்.

பொறுத்திருக்க வேண்டாம். இந்தக் கிழமையே போங்கள். பத்தொன்பது வருடங்களாக இப்படி ஒரு தோட்டத்தில் வேலை செய்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: ஓகஸ்ட் கடைசியில் வருகிறவரைப் போல அங்கே வேண்டப்பட்டவர் வேறு யாரும் இல்லை.

மே மாதத்து விக்ரோறியா நாள் நீண்ட வார இறுதியில் தோட்டம் நிறைய ஆட்கள் நிற்பார்கள். நாற்று நட எல்லோருக்கும் ஆசை. ஆனால் அதற்கு முன்பே பாத்திகள் பங்கிடப்பட்டு, கிடைக்காதவர்களின் பெயர்கள் காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்விடும். ஓகஸ்டில் நிலைமை தலைகீழ். செப்ரெம்பர் முதல் திங்களான தொழிலாளர் தினத்துக்கு அடுத்த நாள் பள்ளிக்கூடம் தொடங்குவதால், அதற்குள் பயணம் போய்வர நினைக்கிற பாத்திக்காரர் பலர் ஊரில் இருக்கமாட்டார்கள். தண்ணீர் விட ஆள் இல்லை, பறிக்க ஆள் இல்லை. வெண்டிக்காயை இரண்டு மூன்று நாள் பறிக்காமல் விட்டால் முற்றி நாராகிவிடும் என்பதும், முற்றிய காயைச் செடியில் விட்டால் புதுக்காய் பிடிப்பது குறைந்துவிடும் என்பதும் விசுவமடுவில் அப்பாவோடு தோட்டம் செய்த உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பயிரெல்லாம் ஒன்றாகக் காய்த்துத் தள்ளுகிற மாதமும் கைகள் குறைகிற மாதமும் இங்கே ஒன்றேதான்.

சொந்தப் பாத்தியைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. ரொறன்ரோவில் இரண்டு வகைத் தோட்டங்கள் உண்டு. மாநகராட்சி தனித்தனித் துண்டுகளாக வருடக் கட்டணத்துக்குக் கொடுப்பது ஒரு வகை. அந்தப் பகுதி மக்களோ ஒரு சமூக நிலையமோ சேர்ந்து நடத்துவது மற்றையது. நீங்கள் கண்டது இரண்டாவது வகை என்றே நினைக்கிறேன். அத்தகைய தோட்டங்கள் பலவற்றில் யாருக்கும் சொந்தமில்லாத பொதுப் பாத்திகளும் இருக்கும். அவற்றின் விளைச்சலை வேலை செய்தவர்களும், வசதி குறைந்தவர்களுக்கு இலவசமாக உணவு கொடுக்கிற உணவு வங்கியும் பகிர்ந்துகொள்வார்கள். வொலன்ரியராகச் சேர்கிறவர் முதலில் கை வைப்பது பெரும்பாலும் அங்கேதான். இலையுதிர் காலம் முழுவதும் வந்து நின்றவரின் முகம், குளிர்காலத்தில் பாத்தி பங்கிடுகிறவர்களின் நினைவில் இருக்கும்.

என்ன வேலை இருக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். ஜூன் கடைசியில் ஒன்பது மணிக்கு மறைகிற சூரியன் இப்போது எட்டு மணிக்கு முன்பே மறைந்துவிடும். காலையில் இலைகளில் பனித்துளி நெடுநேரம் நிற்கும். பூசணி, சுக்கினி இலைகளில் மாப் பூசியதைப் போல வெள்ளைப் பூஞ்சணம் படரும். நோய் பிடித்த அந்த இலைகளை வெட்டி அகற்றுவது ஒரு வேலை. செப்ரெம்பர் வந்ததும், தக்காளியில் புதிதாக வருகிற பூக்களைக் கிள்ளிவிடும்படி சொல்வார்கள். பூ காயாகிப் பழுக்க ஏழெட்டுக் கிழமை வேண்டும், எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் ஒக்ரோபர் நடுவை அண்டி உறைபனி விழுந்துவிடும், ஆகவே இருக்கிற காய்களுக்காவது செடியின் பலம் போகட்டும் என்பது கணக்கு. கணக்கு சரிதான், ஆனாலும் பூத்த பூவைக் கிள்ள எனக்கு முதல் வருடம் கை வரவேயில்லை. உங்களுக்கும் கூசும். இரவு வெப்பநிலை பத்துப் பாகைக்குக் கீழே போகத் தொடங்கியதும் பாகலும் வெண்டியும் அப்படியே நின்றுவிடுவதைக் கண்ணால் கண்ட பிறகுதான் எனக்கு அது விளங்கியது.

எதையும் பிடுங்குமுன் கேளுங்கள் என்பதை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நான் சேர்ந்த முதலாவது ஓகஸ்டில், வேலியோரம் இடுப்பளவு உயரத்தில் தடித்த இலைகளோடு நின்ற ஒரு செடியைக் களை என்று எண்ணி இழுத்தேன். தண்டு ஒடிந்த இடத்தில் எருக்கலைப் பாலைப் போலவே வெள்ளைப் பால் வடிந்தது. தோட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த முதிய பெண்மணி ஓடி வந்தார், ஏசவில்லை. என் கையிலிருந்த செடியை வாங்கி ஓர் இலையை மெதுவாகத் திருப்பிக் காட்டினார். மஞ்சளும் கறுப்பும் வெள்ளையுமாக வரியோடிய, சுண்டுவிரல் நீளமான ஒரு புழு, தலையை ஆட்டி ஆட்டி இலையின் ஓரத்தைத் தின்றுகொண்டிருந்தது. அது மொனாக் வண்ணத்துப்பூச்சியின் புழு. அந்தச் செடி மில்க்வீட், எங்கள் எருக்கலையின் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தப் புழு வேறு எதையும் தின்னாது. கோடைக் கடைசியில் பிறக்கிற மொனாக் வண்ணத்துப்பூச்சிகள்தான் மூவாயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால் மெக்சிக்கோ மலைக்காடுகளுக்குப் பறந்து போய்க் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. 2014 வரை எங்கள் மாகாணமான ஒன்ராறியோவின் சட்டமே அந்தச் செடியைக் களைப் பட்டியலில் வைத்திருந்தது என்பதைப் பிற்பாடு அறிந்தேன். அன்று எனக்கிருந்த மன வருத்தம் அதனால் குறையவில்லை. அந்தப் புழுவை இன்னொரு மில்க்வீட் செடிக்கு மாற்றினோம். அதன் பிறகு நான் ஒவ்வொரு செடிக்கும் பெயர் கேட்கத் தொடங்கினேன், என் ஆங்கிலமும் அங்கிருந்துதான் வளர்ந்தது.

ஆகவே ஆங்கிலத்தைப் பற்றிய பயம் வேண்டாம். வகுப்பறையில் வாய் திறக்கத் தயங்குகிறவர்கூட, கையில் ஒரு காய் இருந்தால் பேசிவிடுவார். மேலும், உங்களுக்குத் தெரிந்த சில விடயங்கள் அவர்களுக்குத் தெரியாது. எங்கள் தோட்டத்திலிருந்து உணவு வங்கிக்குப் போன பாகற்காய்கள், எப்படிச் சமைப்பதென்று தெரியாமல் எடுப்பாரின்றிக் கிடந்ததாக ஒருமுறை கேள்விப்பட்டேன். அடுத்த சனிக்கிழமை, மெல்லியதாக வெட்டி, உப்பும் மஞ்சளும் பிரட்டிப் பிழிந்து, பொரித்து, வெங்காயமும் தேசிக்காய்ப் புளியும் சேர்ப்பதை நாலு வரியில் எழுதிக் காய்ப்பெட்டியோடு அனுப்பினோம். அன்றிலிருந்து பெட்டி வெறுமையாகத் திரும்பி வருகிறது.

உங்கள் மகன் செப்ரெம்பரில் ஒன்பதாம் வகுப்புக்குப் போவதாக எழுதியிருந்தீர்கள். ஒன்ராறியோவில் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் பெறுவதற்கு ஒரு மாணவர் 40 மணித்தியாலம் சமூகப் பணி செய்திருக்க வேண்டும். அவரையும் கூட்டிச் செல்லுங்கள். எந்த நாள், எத்தனை மணித்தியாலம் என்று குறித்து அவ்வப்போது கையொப்பம் வாங்கிவிடுங்கள், ஏனெனில் கடைசி வருடத்தில் ஓடித் திரிகிற பிள்ளைகளை நிறையக் கண்டிருக்கிறேன். உங்களுக்கும், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது உங்களைத் தெரிந்தவர் என்று பெயர் கொடுக்க இந்த நாட்டில் ஒருவர் கிடைப்பார்.

பிறருடைய பாத்தியில் காய் அழுகிக் கிடந்தாலும் தொடாதீர்கள், பொறுப்பானவரிடம் சொல்லுங்கள். பூச்சிமருந்து அடிப்பதைப் பெரும்பாலான தோட்டங்கள் அனுமதிப்பதில்லை. வெண்டிச் சுணைக்கும், மாலையில் நுளம்புக்கும் நீளக்கைச் சேட் நல்லது. ஓகஸ்ட் நடுவிலிருந்து உறைபனி வரை காற்றில் ராக்வீட் என்ற களையின் மகரந்தம் பறக்கும். தும்மலும் கண் அரிப்பும் வந்தால் தடிமன் என்று எண்ணிவிடாமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

அடுத்த வருடத்துக்கு விதை எடுத்து வைப்பதை இப்போதே தொடங்கலாம். பொதுப் பாத்தியில் ஒரு பாகற்காயைப் பழுக்க விட அனுமதி கேளுங்கள். செம்மஞ்சளாகி அடி வெடித்ததும், உள்ளே இரத்தச் சிவப்புச் சதை மூடிய விதைகளை எடுத்து, கழுவி, பழைய பத்திரிகைத் தாளில் நிழலில் உலர்த்தி வையுங்கள். வரும் ஏப்ரலில் வீட்டுக்குள் யன்னலோரச் சட்டியில் அவற்றைப் போடாவிட்டால், இங்கத்தைய குறுகிய கோடையில் பாகல் காய்த்து முடியாது.

ஒக்ரோபரில், நன்றி நவிலல் நாளை ஒட்டி, பொதுப் பாத்தியில் உள்ளி நடுவோம். பூண்டைப் பல் பல்லாக உடைத்து, முனை மேலே பார்க்க ஊன்றி, வைக்கோலாலோ காய்ந்த இலைகளாலோ மூடிவிடுவோம். குளிர்காலம் முழுவதும் அது பனியின் கீழே கிடந்து, ஏப்ரல் அளவில் மற்றைய பாத்திகள் வெறுமையாக இருக்கும்போதே பச்சையாக முளைத்து நிற்கும். ஜூலையில் கிண்டலாம். இந்தக் கிழமை போய்ச் சேர்ந்தீர்களானால், உங்கள் கையால் இந்த மண்ணில் ஊன்றுகிற முதற் பயிர் அதுவாக இருக்கும்.

அன்புடன்,
உங்கள் அக்கா