‘ஸ்டேஜ்கோச்’ (1939) என்ற ஹாலிவுட் வெஸ்டர்ன் (கௌபாய்) படத்துக்கு இசை யார்? ஒரு இடத்தில் நான்கு பெயர், இன்னொரு இடத்தில் ஐந்து. எது சரி?

இரண்டுமே சரிதான். படத்தின் டைட்டில் கார்டை நிறுத்திப் பாருங்கள்: ரிச்சர்ட் ஹேகமன், பிராங்க் ஹார்லிங், லூயிஸ் குரூன்பெர்க், லியோ ஷுகென், ஜான் லீபோல்ட். ஆஸ்கர் பட்டியலில் குரூன்பெர்க் மட்டும் இல்லை. அதை வைத்து எழுதியவர்கள் நால்வர் என்கிறார்கள். இதுபோக, டைட்டிலில் வராமலே வேலை செய்தவராக ஜெரார்ட் கார்போனாராவையும் சேர்ப்பதுண்டு.

அதே டைட்டிலில் போரிஸ் மோரோஸ் பெயரும் வரும், ஆனால் இசை இயக்கம் என்ற தலைப்பில். அந்தக் கால ஹாலிவுட்டில் அது மேற்பார்வைப் பொறுப்பு. இசையமைத்தவர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய வெஸ்டர்ன்களில் பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. மெட்டை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றாலும் நடக்காது. இந்தப் படத்தின் இசை அமெரிக்க நாட்டார் பாடல்களைத் தழுவியது என்று டைட்டிலே சொல்கிறது.

எந்தக் காட்சிக்கு யார் எழுதினார் என்று தெரிய வேண்டுமானால் கியூ ஷீட் வேண்டும். ஒவ்வொரு இசைத்துண்டின் பெயர், நீளம், எழுதியவர், பதிப்பாளர் எல்லாம் அதில் இருக்கும். ராயல்டி பிரிப்பதே அதை வைத்துத்தான். எழுதியவர்களாகப் பதிவானவர்கள் யார் என்று பார்க்க, ஆஸ்காப், பிஎம்ஐ (இசையமைப்பாளர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் அமெரிக்க அமைப்புகள்) தளங்களில் படத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அதே தலைப்பில் 1966இல் மறு ஆக்கம் வந்திருக்கிறது; அதற்கு இசை ஜெர்ரி கோல்ட்ஸ்மித். ஆண்டைச் சரிபார்க்காமல் எடுத்தால் தவறான பெயர் ஒட்டிக்கொள்ளும்.

இத்தாலிய வெஸ்டர்ன் என்றால் டைட்டிலையும் நம்ப முடியாது. 1964இல் வந்த ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ படத்தின் முதல் பிரதிகளில் இசை டான் சாவியோ. அது இத்தாலிய இசையமைப்பாளர் என்னியோ மோரிகோனேயின் புனைபெயர்.