நடந்தும் டென்ஷன் தீரவில்லையே, டாக்டர்?

ஆபீஸ் விட்டு வந்ததும் தினமும் முக்கால் மணி நேரம் நடக்கிறேன். அப்போதும் மேனேஜர் சொன்னதுதான் மண்டைக்குள் ஓடுகிறது. இதில் என்ன பிரயோஜனம்?
– வாசகர், வேளச்சேரி

எந்த வழியாக நடக்கிறீர்கள் என்று எழுதவில்லையே! நூறடிச் சாலை ஓரமாக என்றால், ஹாரனுக்கும் பைக்குக்கும் ஒதுங்குவதிலேயே பாதி நேரம் போய்விடும். 2015-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழுவினரை மரமும் புல்வெளியுமான பகுதியில் 90 நிமிடம் நடக்கவிட்டார்கள். இன்னொரு குழுவினரை வண்டிகள் நெருக்கும் சாலையோரம். மரங்களுக்கிடையே நடந்தவர்களுக்கு, ஒன்றையே நினைத்து நினைத்து மருகுவது குறைந்திருந்தது. மற்றவர்களுக்கு அப்படிக் குறையவில்லை.

வேளச்சேரியில் புல்வெளிக்கு எங்கே போவது? மரம் உள்ள உள்தெருக்களாகப் பார்த்து நடங்கள், நாலு திருப்பம் கூடினாலும் பரவாயில்லை. போன் சட்டைப் பையில் இருக்கட்டும், ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப் மட்டும் வாயை மூடட்டும். முதல் பத்து நிமிடம் மேனேஜரும் கூடவே வருவார். அவரை விரட்டப் பார்க்காதீர்கள். விரட்ட விரட்டத்தான் ஒட்டிக்கொள்வார். மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகத்தில் நடந்தால் போதும்.

ஒரு நாளாவது நடை 10,000 காலடிக்குக் குறைந்தால் எனக்குக் குற்ற உணர்ச்சி வருகிறது.
– வாசகி, கோவை

டென்ஷனைக் குறைக்கப் போய் டென்ஷனை வாங்கி வருகிறீர்கள். அந்த எண்ணிக்கை மருத்துவம் வகுத்ததே இல்லை. 1960-களில் ஜப்பானில் நடைமானி விற்றவர்கள் பரப்பியது. வயதான அமெரிக்கப் பெண்களிடம் நடந்து, 2019-இல் வெளியான ஆய்வில் சுமார் 4,400 அடியிலேயே பலன் தெரிந்தது. 7,500-க்கு மேல் கூடுதல் பலன் இல்லை. ஒரு வாரம் வாட்சைக் கழற்றி வைத்துவிட்டு நடந்து பாருங்கள்.

சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறேன். காலையில் வெறும் வயிற்றில் நீண்ட தூரம் நடந்தால் படபடப்பும் வியர்வையும் வருகிறது. மனக்கவலைதானே?
– வாசகர், மதுரை

அப்படி நீங்களே முடிவு கட்டாதீர்கள். சர்க்கரை இறங்கினாலும் இதே படபடப்பு, இதே வியர்வைதான். அடுத்த முறை வந்தால் உடனே உட்கார்ந்து, சர்க்கரை கலந்த தண்ணீரோ ஜூஸோ குடியுங்கள். குளுக்கோமீட்டர் இருந்தால் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். மாத்திரையின் அளவு பற்றி உங்கள் மருத்துவரிடம் பேசும்வரை வெறும் வயிற்று நடை வேண்டாம். நெஞ்சை அழுத்துகிற மாதிரி இருந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது, 108-ஐ அழையுங்கள்.

தெருநாய்களுக்குப் பயந்தே நடையை விட்டுவிட்டேன்.
– வாசகி, தாம்பரம்

நியாயமான பயம்தான். விடிவதற்கு முன் போகாமல், ஆள் நடமாட்டம் தொடங்கிய பிறகு கிளம்புங்கள். நாய் குரைத்தால் ஓடாதீர்கள், முறைத்துப் பார்க்காதீர்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே தடுப்பூசி.

தூக்கமே இல்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது. நடையைக் கூட்டினால் சரியாகுமா?
– பெயர் வேண்டாம், திருச்சி

நடக்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். இப்படி இரண்டு வாரம் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். உங்கள் ஊர் அரசு மருத்துவமனையிலேயே அந்தப் பிரிவு உண்டு. அதுவரைகூடப் பொறுக்க முடியவில்லை என்றால் 14416, டெலி மானஸ் உதவி எண். எந்த நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். இன்றைக்கே அழையுங்கள்.

கணவரோடு சேர்ந்து நடந்தால் வீட்டுக் கடன் பேச்சு வந்து, திரும்பும்போது இருவரும் உர்ரென்று வருகிறோம்.
– வாசகி, அண்ணா நகர்

கடனைச் சாப்பாட்டு மேசையில் பேசுங்கள். முடியாதென்றால் அவர் காலையில் நடக்கட்டும், நீங்கள் மாலையில்.