சி.சி., இன்வைட், டென்டடிவ்: மகளை வேலைக்கு அனுப்பிய ஒரு தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பி.காம். முடித்துச் சென்னையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் சேர்ந்து ஆறு வாரமே ஆன தங்கள் மகள், 'வேலை புரிகிறது அப்பா, மெயில்தான் புரியவில்லை' என்று தொலைபேசியில் அழுததாகவும், ஊருக்குத் திரும்பி வங்கித் தேர்வுக்குப் படிக்கட்டுமா என்று கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதற்காக வேலையை விட வேண்டியதில்லை. அவரைத் திணறடிக்கும் சொற்களை எண்ணினால் இருபது, இருபத்தைந்து தேறும். அவற்றில் பாதி, வட்டாட்சியர் அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் தபாலும் கோப்பும் பார்த்த தங்களுக்கு வேறு பெயரில் ஏற்கெனவே தெரிந்தவை. ஆகவேதான் இந்த விளக்கத்தைத் தங்களுக்கே எழுதுகிறேன். தந்தை வாயால் கேட்டால் அவருக்கு இது அலுவலகப் பாடமாகத் தோன்றாது. கல்லூரியில் குழு விவாதத்துக்கும் ஆப்டிட்யூட் தேர்வுக்கும் மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்தவர்கள், இதற்கென அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தால் இக்கடிதத்துக்கே அவசியம் இருந்திராது.

அரசுக் கடிதம் ஒன்றில் யாருக்கு 'தக்க நடவடிக்கைக்காக', யாருக்கு 'தகவலுக்காக' என்று பிரித்து எழுதுவது தங்களுக்குக் கைவந்த பழக்கம். மின்னஞ்சலில் 'டூ' என்ற வரியில் பெயர் இருந்தால் அது நடவடிக்கைக்காக வந்தது, 'சி.சி.' வரியில் இருந்தால் தகவலுக்காக வந்தது. சி.சி. என்பதன் விரிவு கார்பன் காப்பி. தட்டச்சுப் பொறியில் இரண்டு தாள்களுக்கு நடுவே கார்பன் தாளைச் செருகி அடித்தோமே, அதே நகல்தான். தாள் மறைந்தும் பெயர் நிற்கிறது. தங்கள் மகள் முதல் முறை கண்டிக்கப்பட்டது, அவர் பெயர் டூவில் இருந்தும் பதில் எழுதாமல் இருந்ததற்காக. அதே மடலின் சி.சி.யில் மேலாளர் இருந்ததால், பெரியவர் இருக்கும்போது நாம் முந்திக்கொண்டு பேசலாமா என்று அவர் தயங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல வளர்ப்பின் அடையாளம்தான். ஆனால் அந்த மடலில் பதில் சொல்ல வேண்டியவர் அவர், அவர் சொல்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தவர் மேலாளர்.

'பி.சி.சி.' என்பது பிறர் கண்ணுக்குத் தெரியாத நகல். அதில் சேர்க்கப்பட்டவரின் பெயர் மற்றவர்களுக்குத் தெரியாது. ஆனால் அப்படிச் சேர்க்கப்பட்டவர் 'ரிப்ளை ஆல்' அழுத்திவிட்டால், டூவிலும் சி.சி.யிலும் இருக்கிற அத்தனை பேருக்கும் அவர் திரைக்குப் பின்னால் நின்றது தெரிந்துவிடும். புதிதாகச் சேர்ந்தவர் பி.சி.சி. பக்கம் போகாமலிருப்பதே நலம்.

'ரிப்ளை' அனுப்பியவருக்கு மட்டும் போகும். 'ரிப்ளை ஆல்' எல்லோருக்கும் போகும். இதை விடக் கவனமாக இருக்க வேண்டியது 'ஃபார்வர்ட்' என்பதில். ரிப்ளை செய்தால் முதலில் வந்த இணைப்புக் கோப்பு கூடப் போகாது; ஃபார்வர்ட் செய்தால் இணைப்பும் போகும், அடியில் தொங்கும் பழைய மடல்களும் போகும். தங்கள் அலுவலகக் கடிதத்தில் 'பார்வை' என்ற இடத்தில் முந்தைய கடிதத்தின் எண்ணும் நாளும் மட்டுமே இருக்கும். இங்கே அந்தக் கடிதங்களே முழுதாகப் பின்னால் வரும். அந்த வரிசைக்கு 'த்ரெட்' அல்லது 'மெயில் செயின்' என்று பெயர். நான் ஆலோசனை சொல்லி வேலைக்குப் போன இளைஞர் ஒருவர், பொருள் வழங்கும் நிறுவனத்துக்கு ஒரு வரைபடத்தை அனுப்பச் சொன்னதும், தமக்கு வந்த மடலை அப்படியே ஃபார்வர்ட் செய்து, மேலே 'இணைப்பைப் பார்க்கவும்' என்று ஒரே வரி எழுதி அனுப்பிவிட்டார். நான்கு மடல்களுக்குக் கீழே, அதே நிறுவனத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு விலை வரை கொடுக்கலாம் என்று அவருடைய மேலாளர்கள் தங்களுக்குள் பேசியிருந்தது இருந்தது. அன்று மாலையே அந்த நிறுவனம், மேலாளர்கள் எழுதியிருந்த உச்ச விலையையே கேட்டது. ஃபார்வர்ட் அழுத்துமுன் விரலால் கடைசி வரைக்கும் கீழே தள்ளிப் படித்துவிட வேண்டும் என்று தங்கள் மகளிடம் சொல்லுங்கள்.

அனுப்பியதைத் திரும்பப் பெறலாமே என்று கேட்பார். ஜிமெயிலில் 'அன்டூ சென்ட்' என்ற வசதி மடலை அனுப்பியபின், நாம் அமைத்து வைத்ததற்கேற்ப 5 முதல் அதிகபட்சம் 30 விநாடி வரை மட்டுமே வேலை செய்யும். அமைப்புகளுக்குள் போய் 30 என்று வைத்துக்கொள்வது நல்லது. பல நிறுவனங்கள் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்டின் மின்னஞ்சல் மென்பொருளான அவுட்லுக்கில் 'ரீகால்' என்பது ஒரே நிறுவனத்துக்குள் அனுப்பிய மடலுக்குத்தான் பொருந்தும். வெளியாருக்குப் போனது போனதுதான்.

'ஆர்க்கைவ்' என்றால் மேசையிலிருந்து எடுத்துப் பதிவறையில் வைப்பது, தேடினால் கிடைக்கும். 'டிராஃப்ட்', 'சிக்னேச்சர்' ஆகியவற்றைப் பார்த்த மாத்திரத்தில் அவரே புரிந்துகொள்வார்.

இனி, கூட்டங்களுக்கு நேரம் குறிக்கும் கணினிக் காலண்டருக்கு வருகிறேன். தங்கள் கடிதத்தைப் படித்தபோது உண்மையான தடுமாற்றம் இங்கேதான் என்று தோன்றியது. நம் ஊரில் அழைப்பிதழ் வாங்கியவர் யாரும் பதில் எழுதுவதில்லை. 'கண்டிப்பா வந்துடுறோம்' என்று வாசலிலேயே சொல்லிவிட்டு, வர முடியாமல் போனால் மொய்யை யாரிடமாவது கொடுத்தனுப்பினால் போதும். அலுவலகக் காலண்டரில் வரும் 'இன்வைட்' அப்படிப்பட்டதன்று. அது பதிலை எதிர்பார்த்து நிற்கும். யார் பதில் சொன்னார்கள், யார் சொல்லவில்லை என்பது கூட்டத்தைக் கூட்டிய 'ஆர்கனைசர்' திரையில் பெயர் பெயராகத் தெரியும். அவுட்லுக்கில் மூன்று பொத்தான்கள்: அக்செப்ட், டென்டடிவ், டிக்ளைன். கூகுள் காலண்டரில் அவையே யெஸ், மேபி, நோ.

தங்கள் மகள் எல்லாவற்றுக்கும் டென்டடிவ் அழுத்தியிருக்கிறார். காரணம் எனக்குப் புரிகிறது: நம் பேச்சில் 'பார்க்கலாம்' என்பது பெரும்பாலும் மனம் நோகாமல் சொல்லும் 'இல்லை'. டென்டடிவ் அந்தப் 'பார்க்கலாம்' அன்று. 'வர எண்ணுகிறேன், ஒன்று மட்டும் உறுதியாகவில்லை, உறுதியானதும் சொல்கிறேன்' என்பது அதன் பொருள். ஆகவே பிறகு அதை அக்செப்ட் அல்லது டிக்ளைன் என்று மாற்றுகிற கடமையும் அழுத்தியவருக்கே உண்டு. டிக்ளைன் அழுத்துவதை மரியாதைக் குறைவு என்று அவர் அஞ்ச வேண்டாம். காரணத்தை ஒரு வரியில் எழுதி, 'ப்ரபோஸ் நியூ டைம்' வழியாக வேறொரு நேரத்தைச் சொன்னால், அதை விடப் பணிவான மறுப்பு அலுவலகத்தில் கிடையாது. அழைப்பில் அவர் பெயர் 'ரெக்வயர்டு' பட்டியலில் இருக்கிறதா, 'ஆப்ஷனல்' பட்டியலில் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். முன்னது டூவுக்கும் பின்னது சி.சி.க்கும் ஒப்பானவை.

கூட்டத்துக்கு நேரம் குறிப்பவர்கள் பிறருடைய காலண்டரில் 'ஃப்ரீ', 'பிஸி' என்று இருப்பதைப் பார்த்தே குறிப்பார்கள். அரை நாள் விடுப்பை மேலாளரிடம் வாயால் சொல்லிவிட்டுக் காலண்டரில் போடாமல் விட்டால், அந்த அரை நாளில் யாரோ ஒருவர் கூட்டம் வைத்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. 'காலண்டரை பிளாக் செய்து வை' என்று அலுவலகத்தில் சொல்வது இதைத்தான்.

இரண்டாவது கண்டிப்பு, மார்ச் மாதக் கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனதற்காக என்றும், 'நேரத்தை மாற்றியதாக யாருமே சொல்லவில்லை' என்று அவர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவர் சொன்னது உண்மை; யாரும் மாற்றவுமில்லை. அந்த வாராந்தரக் கூட்டத்தைக் கூட்டியவர் நியூயார்க்கில் இருக்கிறார், அவருக்கு அது எப்போதும் காலை 10 மணி. அமெரிக்காவில் மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நவம்பரின் முதல் ஞாயிறன்று மீண்டும் பின்னே வைக்கிறார்கள். நாம் அப்படிச் செய்வதில்லை. எனவே குளிர்காலத்தில் நமக்கு இரவு 8.30க்கு வந்த அதே கூட்டம், அந்த ஞாயிறுக்குப் பின் 7.30க்கு வந்துவிடுகிறது. காலண்டர் மென்பொருள் இதைத் தானாகவே சரிசெய்து காட்டியிருக்கும். தங்கள் மகள் தம் நினைவையும் குறிப்பேட்டில் எழுதி வைத்ததையும் நம்பியதுதான் பிசகு. இதே காரணத்தால் 'இ.ஓ.டி.க்குள் அனுப்பு' என்று வந்தால், அதாவது நாள் முடிவதற்குள் என்றால், யாருடைய நாள் என்று ஒரு வரி கேட்டுவிடுவது நல்லது; நியூயார்க்கின் மாலை 5 மணி நமக்கு நள்ளிரவு கடந்த நேரம். அமெரிக்கர் 03/04 என்று எழுதினால் அது மார்ச் 4, நாம் படிப்பது போல ஏப்ரல் 3 அன்று. நம் அலுவலகங்களில் பதில் எழுது என்பதற்குச் சரளமாகச் சொல்லும் 'ரிவர்ட்' என்ற சொல்லும் அந்தப் பக்கத்தில் செல்லாது. பழைய நிலைக்கு மாற்று என்றே அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

திரையைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். தமிழ்மேல் எனக்குள்ள பற்றில் குறைவில்லை. இருந்தாலும் இப்போதைக்கு வேண்டாம். பக்கத்து இருக்கையில் இருப்பவர் 'அந்த இன்வைட்டை அக்செப்ட் பண்ணிட்டியா' என்றுதான் கேட்பார். சொல் அவர்கள் சொல்வதாக இருக்கட்டும், பொருள் மட்டும் தமிழில் மனத்தில் பதியட்டும்.

நிறுவனக் கணக்கில் பழகிப் பார்க்க அவருக்கு அச்சமாக இருக்கும். தங்களிடமும் அவரிடமும் சொந்த ஜிமெயில் கணக்கு இருக்கிறது, கூகுள் காலண்டர் அதனோடு இலவசமாக வருகிறது. முதல் அழைப்பைத் தாங்களே அனுப்புங்கள். ஞாயிறு மாலை 6 மணி, தலைப்பு 'அப்பாவுடன் பேசுதல்', வாரந்தோறும் திரும்ப வருமாறு 'ரெக்கரிங்' என்று வையுங்கள். பிறகு ஒரே ஒரு ஞாயிறை மட்டும் 7 மணிக்கு மாற்றிப் பாருங்கள். இந்த ஒரு நிகழ்வை மட்டுமா, இதையும் இனி வருபவற்றையுமா, எல்லாவற்றையுமா என்று அது கேட்கும். அந்தக் கேள்விக்குத் தவறாக விடை சொல்லி ஒரு பிரிவின் மூன்று மாதக் கூட்டங்களையும் அழித்தவர்களை நான் அறிவேன். தங்கள் வீட்டுக் காலண்டரில் அழிந்தால் நட்டம் ஏதுமில்லை. வங்கித் தேர்வைப் பற்றிய பேச்சை அந்த முதல் ஞாயிறுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் அவர் 'மேபி' என்று அழுத்தினால், எது உறுதியாகவில்லை என்று மட்டும் கேளுங்கள்.

அன்புடன்,
தங்கள் கல்வி ஆலோசகர்