நானோ யூரியா மீனைக் கொல்லுமா?

மன்னார்குடிப் பக்கத்து வாசகர் ஒருவரின் கேள்வி: "சம்பா வயலை ஒட்டி 10 சென்ட் குட்டையில் ரோகு, கட்லா விட்டிருக்கிறேன். இலைச்சுருட்டுப் புழுவுக்கு சைபர்மெத்ரினும், கூடவே நானோ யூரியாவும் அடிக்கலாம் என்றிருக்கிறேன். நானோ துகள் செவுளில் புகுந்து மீன் செத்துவிடும் என்கிறார்களே?"

நீங்கள் பயப்பட வேண்டியது அந்த இன்னொரு பாட்டிலுக்கு, சைபர்மெத்ரினுக்கு.

செவுளில் தண்ணீரையும் ரத்தத்தையும் பிரிக்கும் திரை ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. அந்தத் திரையிலுள்ள செல்களின் சவ்வு, இரண்டடுக்குக் கொழுப்பு. அதைத் தாண்ட, பொடியாக இருந்தால் போதாது. கொழுப்பில் கரைய வேண்டும். நானோ துகளைப் பெரும்பாலும் செல்லே விழுங்கினால்தான் உண்டு. 4 சதவீத நானோ யூரியா அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 20 கிராம் நைட்ரஜன். ஒரு மீட்டர் தண்ணீர் நின்றால் உங்கள் குட்டை கொள்வது சுமார் 4 லட்சம் லிட்டர். அதில் இது எம்மாத்திரம்? (தாமிரம், வெள்ளி கலந்த நானோ மருந்துகள் வேறு கதை. அவற்றிலிருந்து கசியும் அயனி செவுளின் உப்புச் சமநிலையைக் கெடுக்கும்.)

சைபர்மெத்ரின் தண்ணீரில் தங்காது, கொழுப்பைத் தேடிப் போகும். செவுளைச் சுலபமாகக் கடந்து, நரம்புச் சவ்வின் சோடியம் வாயில்களை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும். கோழியின் உடல் அதைச் சீக்கிரம் சிதைத்துவிடும், மீனால் முடியாது. 10 சதவீத மருந்து 10 மில்லி சிந்தினாலே உங்கள் குட்டையில் லிட்டருக்கு 2.5 மைக்ரோகிராம் ஆகிவிடும். கெண்டை இனத்துக்கு அதுவே ஆபத்து. சேறு கொஞ்சத்தை இழுத்துக்கொள்ளும்தான், அதை நம்பி அடிக்காதீர்கள். போதாக்குறைக்கு, இவ்வகை மருந்து நெல்லில் புகையான் பூச்சியையும் கிளப்பிவிடும்.

பதிலுக்கு குளோரான்ட்ரனிலிப்ரோல் 18.5 எஸ்.சி. ஏக்கருக்கு 60 மில்லி அடியுங்கள். மீனுக்கு நஞ்சு குறைவு. இறால் விட்டிருந்தால் இதுவும் வேண்டாம். குட்டையிலிருந்து வயல் பக்கம் காற்று வீசும்போது அடியுங்கள். குட்டைப் பக்கம் உள்ள வாய்மடையை முதலிலேயே அடைத்து, ஒரு வாரமாவது தண்ணீர் வடியாமல் பாருங்கள். டேங்கை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரையும் பயிர் மேலேயே தெளியுங்கள். வாய்க்காலில் கழுவினாலும் குட்டை பாழாகும்.

விடியற்காலையில் மட்டும் மீன் மேலே வந்து வாய் பிளந்தால், வெயில் ஏறியதும் சரியானால், அது ஆக்சிஜன் குறைவு. நேரம் காலமில்லாமல் துள்ளி, சுழன்று, பக்கவாட்டில் சாய்ந்தால் மருந்துதான். உடனே தீனியை நிறுத்தி, போர்த் தண்ணீரை உயரத்திலிருந்து விழவிட்டு, பழைய தண்ணீரை ஆற்றிலோ வாய்க்காலிலோ விடாமல் தரிசு நிலத்துக்கு இறையுங்கள். சுண்ணாம்பு போட்டுப் பயனில்லை. செத்த மீனைச் சந்தைக்கு அனுப்பாமல் புதைத்துவிடுங்கள்.