நாலாவது மூலை ஏன் வாயைப் பிளக்கிறது?

ஏற்காட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, எஸ்டேட்டில் அறுத்த சில்வர் ஓக் பலகை வாங்கி, ரெண்டு இன்ச் அகலச் சட்டமாக இழைத்து போட்டோ ஃபிரேம் செய்கிறேன். மெஷினில் 45 டிகிரி வைத்துத்தான் வெட்டுகிறேன். மூணு மூலை சேர்கிறது, நாலாவது மட்டும் உள்பக்கம் ஒன்றரை நூல் (ஒரு நூல் என்பது இன்ச்சில் எட்டில் ஒன்று) பிளக்கிறது. பட்டி வைத்து அடைத்துக் கொடுத்தால், சேலத்துக்குப் போன ஒரு மாசத்தில் நாலு மூலையும் உள்பக்கமாக விரிந்துவிட்டது என்று போன் வருகிறது. வேற மெஷின் வாங்கிவிடவா?"

வாங்காதீர்கள் தம்பி. உங்களிடம் இருப்பது ரெண்டு தனித்தனி வியாதி. முதலாவது மெஷினை நீங்கள் நம்பியதால் வந்தது, ரெண்டாவதுக்கும் மெஷினுக்கும் சம்பந்தமே இல்லை, அது மலையிலிருந்து மரத்தோடு இறங்கி வந்தது.

முதலில் அந்த நாலாவது மூலை. ஒரு ஃபிரேமுக்கு எட்டு வெட்டு. ஒவ்வொன்றிலும் அரை டிகிரி பிசகினால் எட்டும் கூடி நாலு டிகிரி ஆகிறது, நீங்கள் மூணு மூலையை அழுத்திச் சேர்த்துவிடுவதால் அந்த நாலு டிகிரியும் கடைசி மூலையில் போய் உட்காரும். ரெண்டு இன்ச் சட்டத்தில் சாய்வெட்டின் நீளம் ஏறத்தாழ 70 மில்லிமீட்டர், அதில் நாலு டிகிரி என்றால் 5 மில்லிமீட்டர் சந்து. நூலில் சொன்னால் ஒன்றரை. அதாவது உங்கள் மெஷின் 45 என்று காட்டும் இடத்தில் உண்மையில் 45.5-க்குப் பக்கமாக நிற்கிறது. அரை டிகிரியை அந்த ஸ்கேலில் கண்ணால் பிடிக்க முடியாது, கோட்டின் தடிமனே அவ்வளவு வரும். உள்பக்கம் பிளந்தால் பிளேடு 45-ஐத் தாண்டித் திரும்பியிருக்கிறது, கொஞ்சம் பின்னால் கொண்டுவர வேண்டும். வெளிமுனை பிளந்தால் அதற்கு நேரெதிர்.

திருத்துவதற்கு முன் உங்கள் மூலைமட்டத்தை, அதாவது 90 டிகிரி பார்க்கும் L வடிவக் கருவியை, சோதியுங்கள். மெஷினைக் குறை சொல்கிற பாதிப் பேரிடம் மட்டமே தப்பாக இருக்கிறது, நானும் ஒரு காலத்தில் அந்தப் பாதியில் இருந்தவன்தான், கீழே விழுந்த மட்டத்தை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் ஓட்டியிருக்கிறேன். நேரான விளிம்புள்ள ஒரு பிளைவுட் துண்டில் மட்டத்தை வைத்து கூர்ப் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். மட்டத்தை மறுபக்கம் புரட்டி, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. ரெண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. மேலே போகப் போக விலகினால், விலகலில் பாதிதான் மட்டத்தின் தப்பு.

சரி, இப்போது மெஷின். பிளேடு மேசைக்கு நட்டமாக நிற்கிறதா என்று முதலில் பாருங்கள், அது சாய்ந்திருந்தால் மூலை மேலே சேர்ந்து அடியில் பிளக்கும். மெஷின் பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் இதைப் பார்க்க வேண்டும், சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அப்புறம் வீணான சட்டத்தில் இடது பக்கம் ஒரு வெட்டு, வலது பக்கம் ஒரு வெட்டு போட்டு, ரெண்டையும் மூலையாகச் சேர்த்துப் பிடித்து உள்ளே மட்டத்தை வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள். வெளிச்சக் கீற்று எந்தப் பக்கம் தெரிகிறதோ அதை வைத்துத் திருத்துங்கள், திரும்ப வெட்டுங்கள். நாலைந்து தடவை ஆகும். கீற்று மறைந்ததும் அந்த இடத்தில் மெஷினில் ஒரு கீறல் போட்டு வையுங்கள், கம்பெனிக்காரன் போட்ட கோட்டை மறந்துவிடுங்கள்.

இதில் ஒரு விஷயம். ரெண்டு துண்டும் தனித்தனியாக 45 ஆக இருக்க வேண்டும் என்பதே இல்லை, ரெண்டும் சேர்ந்து 90 ஆனால் போதும். ஒன்று 44.5, மற்றது 45.5 என்றாலும் மூலை மூடும், முனையில் மயிரிழை ஏற்ற இறக்கம் வரும், உப்புத்தாள் பார்த்துக்கொள்ளும். அதனால்தான் பழைய ஆட்கள் நல்ல சதுர மூலை உள்ள பிளைவுட் துண்டு ஒன்றை பிளேடுக்கு முன்னால் மூக்கு மாதிரி நிறுத்தி, ஒரு சட்டத்தை அதன் இடது தோளிலும் அடுத்ததை வலது தோளிலும் சாய்த்து வெட்டுவார்கள். பிளைவுட்டின் மூலை 90 என்றால் உங்கள் மூலையும் 90, அந்த மூக்கு கொஞ்சம் கோணலாக நின்றால்கூட. டேபிள் சா (மேசை நடுவில் பிளேடு நிற்கும் மெஷின்) இருந்தால் இதைவிட லேசான வழி கிடையாது.

கோணம் சரியான பிறகும் வெட்டும்போது மரம் நழுவும். சாய்வாக இறங்கும் பிளேடு சட்டத்தைப் பக்கவாட்டில் இழுக்கும், கைப்பிடி எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் அரை மில்லி போய்விடும். மரம் சாயும் முதுகுப் பலகையில் 120 நம்பர் உப்புத்தாளை ஒட்டிவிடுங்கள், கிளாம்ப் போட்டுப் பிடியுங்கள். முதல் வெட்டை ஒரு நூல் தள்ளிப் போட்டுவிட்டு, ரெண்டாவது வெட்டில் சீவல் மாதிரி மெல்லிசாக எடுங்கள். கடைசிச் சீவலில் பிளேடு வளையாது, சில்வர் ஓக்கின் நாரும் பிய்யாது. 10 இன்ச் பிளேடு என்றால் 60 பல்லுக்குக் குறைந்து போடாதீர்கள். வெட்டி முடித்து பிளேடு சுற்றி நின்ற பிறகுதான் தூக்க வேண்டும்.

நீளத்தைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை, அதனால் சந்தேகமாக இருக்கிறது. எதிரெதிர்ச் சட்டங்கள் ஒரே நீளமாக இல்லாவிட்டால் எத்தனை டிகிரி திருத்தியும் மூலை சேராது. டேப்பால் ரெண்டு தடவை அளக்கிற வேலையே வேண்டாம். ஒரு மரக்கட்டையைத் தடுப்பாக கிளாம்ப் போட்டு, ரெண்டு சட்டத்தையும் அதில் முட்டவைத்து வெட்டுங்கள். தடுப்பின் அடியில் மரத்தூள் சேர்ந்தால் அதுவே அரை மில்லி, ஊதிவிட்டு வெட்டுங்கள். வெட்டியதும் ரெண்டையும் முதுகோடு முதுகு சேர்த்து முனையை விரலால் தடவிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத ஏற்ற இறக்கம்கூட விரலுக்குத் தெரியும்.

இனி ரெண்டாவது வியாதி. மரம் காயும்போது அகலத்தில் சுருங்கும், நீளத்தில் சுருங்கவே சுருங்காது என்று வைத்துக்கொள்ளலாம். 50 மில்லி சட்டம் 49 ஆகிறது, ஆனால் சாய்வெட்டு நீளவாக்கில் ஓடுகிற தூரம் அதே 50. அப்போது 45 ஆக இருந்த முனை 44.4 ஆகிவிடும். ரெண்டு சட்டத்துக்கும் சேர்த்து ஒரு டிகிரிக்கு மேல் குறைகிறது, வெளிமுனை ஒட்டிக்கொண்டே இருக்க உள்பக்கம் அரை நூல் பிளக்கும். நாலு மூலையும் ஒரே மாதிரி உள்பக்கம் திறந்தால் அது சுருக்கம்தான், வேறு எதுவும் இல்லை. மழைக்காலத்தில் 1500 மீட்டர் உயரத்தில், துணிகூடக் காயாத ஊரில் சேர்த்த ஃபிரேமை, இருபது கொண்டை ஊசி இறக்கிக் கொண்டுவந்து சேலம் அஸ்தம்பட்டியில் ஃபேனுக்கு எதிரில் ஏப்ரல் மாசத்தில் மாட்டினால் மரம் வேறென்ன செய்யும்?

எஸ்டேட்டில் அறுத்த பச்சைப் பலகைக்கு ஒரு இன்ச் தடிமனுக்கு ஏறத்தாழ ஒரு வருஷம் நிழல் காய்ச்சல் வேண்டும், இடையில் ரீப்பர் (மெல்லிய மரக்குச்சி) வைத்து அடுக்கி. காய்ந்ததா என்று பார்க்க மீட்டர் வாங்க வேண்டாம். ஒரு துண்டை எடுத்து மளிகைக்கடைத் தராசில் வாரம் ஒரு தடவை நிறுத்து எடையை அதன் மேலேயே எழுதுங்கள், எடை இறங்குவது நின்றதும் ஏற்காட்டுக் காற்றுக்குத் தக்கபடி காய்ந்தது என்று அர்த்தம். வாங்குகிறவர் சேலம் என்றால் சட்டங்களைச் சேலத்துக்குக் கொண்டுவந்து, யார் வீட்டிலாவது கட்டிலடியில் இரண்டு மூன்று வாரம் போட்டுவிட்டு அப்புறம் வெட்டுங்கள்.

சட்டத்தைப் பொறுக்குவதிலும் பாதி ஜெயிக்கலாம். சில்வர் ஓக்கில் சில பலகையின் முகத்தில் லேஸ் துணி மாதிரி பளபளவென்று பூ விழும், பார்த்திருப்பீர்கள். அது ஆரவாக்கில், அதாவது மரத்தின் மையத்திலிருந்து பட்டையை நோக்கி, அறுபட்ட பலகை. பூ இல்லாத பலகையைவிட அகலத்தில் குறைவாகவே சுருங்கும். அழகுக்காக எல்லாரும் எடுப்பதை நீங்கள் மூலைக்காக எடுங்கள். சட்டத்தை ஒன்றரை இன்ச் அகலமாகக் குறைத்தாலும் சந்து அந்த அளவுக்குக் குறையும். பாலிஷை முன்பக்கம் மட்டும் அடித்துவிட்டு நிறுத்தாமல் பின்பக்கமும் ஒரு கோட் கொடுங்கள்.

ஒட்டுவது பற்றிச் சுருக்கமாக: வெட்டு முகம் பெவிகாலை உறிஞ்சிவிடும். மெல்லிசாக ஒரு பூச்சு தடவி, சில நிமிஷம் விட்டு, மறுபடி பூசிச் சேருங்கள். பழைய சைக்கிள் டியூபை நீளப் பட்டையாக வெட்டி நாலு பக்கமும் சுற்றி இழுத்துக் கட்டினால் கிளாம்பே வேண்டாம். இரண்டு மூலைவிட்டமும் சமமா என்று அளந்துவிட்டு ஒரு ராத்திரி விடுங்கள். பிறகு ஒவ்வொரு மூலையிலும் குறுக்கே ஒரு ரம்பக் கோடு போட்டு, நார் மூலையைத் தாண்டி ஓடும்படி மெல்லிய தேக்குச் சில்லைச் செருகி ஒட்டுங்கள்.

திரும்பி வந்த ஃபிரேம்களில் பட்டியைச் சுரண்டி மறுபடி அடைக்காதீர்கள். அந்த மரம் இப்போது சேலத்து வெயிலில் நன்றாகக் காய்ந்த மரம். மூலைகளைப் பிரித்து, திருத்திய கோணத்தில் நாலு சட்டத்தையும் மறுபடி வெட்டி, ஒரு சைஸ் சின்னதாகக் கண்ணாடி போட்டுக் கொடுத்துவிடுங்கள்.